மேல் ஸட்ஜமும் சோப்பு டப்பாவும்

2003 ஜூலை 14, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்தபோது மேஜைமேல் பார்சல் இருந்தது. ஜெர்மனியிலிருந்து பிரணவ் நண்பன் ஒருவன் கையில் கொடுத்தனுப்பிய ஹெட்ஃபோன். அக்கா பிள்ளை, ஆனாலும் சித்தியிடம்தான் உயிர். விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்பியிருக்கிறான். இவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதை மாட்டிண்டா விமானமே ஓட்டலாம் போலிருக்கே" என்றார்.

ஓட்டலாம். கேட்கத்தான் முடியவில்லை. வாக்மேனில் செருகி முழுக்கத் திருகியும் அக்காவின் குரல் அடுத்த தெருவில் பாடுவதுபோல் வருகிறது.

இது எதற்கென்று இவரிடம் சொல்லவில்லை. பிரணவிடமும் "பழைய கச்சேரியெல்லாம் நன்னாக் கேக்கணும்டா" என்று மட்டும்தான் சொன்னேன். இங்கே எழுதலாம், இதை யார் படிக்கப் போகிறார்கள். விஜி அக்காவுக்குச் சுருதி நழுவுகிறது. மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும்போது ஒரு மயிரிழை கீழே. மாசியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் அவளுக்குப் பிடில் வாசித்த எனக்குத் தெரியாமல் போகுமா?

மே மாதம் தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் கோமு. பாடறவளுக்கு அவ குரல் உள்ளேருந்து கேக்கும். அதை நம்ப முடியாது, அல்லே?" என்றாள். அன்றிலிருந்து மிளகுக் கஷாயம், சித்தரத்தை, விடிகாலையில் கீழ் ஸ்தாயியில் மந்த்ர ஸாதகம். ஐம்பத்து மூன்று வயதில் சின்னப் பெண்போல மறுபடி ஸரளி வரிசை பாடுகிறாள்.

அத்திம்பேர் போய், பிரணவும் ஜெர்மனிக்குப் போனபின் அவளுக்கென்று இருப்பது பாட்டு ஒன்றுதான். வலியசாலைக் கோவிலில் நவராத்திரி ஐந்தாம் நாள் கச்சேரி இருபத்திரண்டு வருஷமாக அவளுடையது. இந்த வருஷம் பாடுவதா வேண்டாமா என்று ஆகஸ்ட் முடிவதற்குள் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். என்னைத்தான் கேட்பாள். நான் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்குமுன் எல்லாக் கேசட்டையும் நல்ல கருவியில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பயமாக இருக்கிறது. அவளிடம் "போதும் அக்கா, நிறுத்திடு" என்று எப்படிச் சொல்வேன்?

ஜூலை 16, புதன்

பிரணவ் போனில் சிரிக்கிறான். "சித்தி, அது லேசுல அசையாது. வாக்மேனோட ரெண்டு பாட்டரிக்கு அதைத் தள்ற பலம் இல்லை. தனியா ஒரு ஆம்ப் வேணும், சத்தத்தைக் கூட்டற பெட்டி."

யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு இப்போது அங்குசம் வேண்டும் என்கிறான். அங்கே கிடைக்கும் ஆம்பின் விலையைக் கேட்டேன். இருநூறு யூரோ. நம் ரூபாயில் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. வாங்கி அனுப்புகிறேன் என்றான். "நீ இதுவரைக்கும் பண்ணினது மதி, போதும்" என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

எம்.ஜி. ரோடு பெரிய கடை. டை கட்டிய பையன் பெட்டி பெட்டியாகக் காட்டினான். எல்லாவற்றுக்கும் வாட் கணக்குத்தான் சொல்கிறான். எண்ணூறு வாட், ஆயிரம் வாட். வீடு அதிர வேண்டாம்ப்பா, காதில் தெளிவாக விழுந்தால் போதும் என்றேன். ஒன்பதாயிரத்து சொச்சம் விலையுள்ள செட்டில் என் ஹெட்ஃபோனைச் செருகினான். பாட்டுக்குப் பின்னால் இடைவிடாமல் கடுகு தாளிக்கும் சத்தம். அது அப்படித்தான் மேடம், பாட்டு வந்தால் தெரியாது என்கிறான். பாட்டு வந்த பிறகும் தெரிந்தது. வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

ஆரியசாலை சந்துக்குள் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷிபுவை ஆபீஸில் ஒருவர் சொன்னார். மார்த்தாண்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது. குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். "மாமி, இது வெலகூடின சாதனமாக்கும். இத வாக்மேன்ல போட்டியளா? பாவம்லா அது."

கல்ஃபிலிருந்து வந்தவர் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ஆம்ப் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஆயிரத்து எண்ணூறு. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்.

ஜூலை 27, ஞாயிறு

சத்தம் தாராளமாக வருகிறது. ஆனால் கூடவே ஒரு ரீங்காரம். கரண்ட் பாடுகிறது! அதுவும் எங்கே? அக்காவின் ஐந்து கட்டைச் சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே. உலகத்தில் எத்தனையோ ஸ்தானம் இருக்க, அதற்கு அங்கேதான் உட்கார வேண்டுமா?

அதனாலோ என்னவோ அக்கா ஸட்ஜத்தில் நிற்கும்போது ஒரு குரல் இரண்டாகக் கேட்கிறது. சேராத இரண்டு தம்புராவை ஒன்றாக மீட்டினால் ஓர் உரசல் வருமே, அப்படி. இதைக் கேட்டு எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. ஒரு நாள் தள்ளிப்போனதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஷிபு கேட்டுப் பார்த்தார். ரீங்காரத்தை ஒப்புக்கொண்டார். குரல் இரண்டாகக் கேட்பதை ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது மாமி."

சுருதி ஞானம் இல்லாதவரிடம் இதை எப்படி விளக்குவது? சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாது ஷிபு, எங்களுக்கெல்லாம் காதுதான் சோறு" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டே இல்லாத ஆம்ப் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். சின்ன ஐசி, இரண்டு ஒன்பது வோல்ட் பாட்டரி. இன்டர்நெட் கடையில் படத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறாராம். "பாட்டரில ரீங்காரம் வராது கேட்டியளா. வந்தா நான் கடைய மூடிட்டு ஊருக்குப் போயிருதேன்." எழுநூற்றைம்பது ரூபாய், முன்பணம் வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 6

அக்கா வந்தாள். குரல் கம்மியிருக்கிறது. விடிகாலை சாதகம் அளவுக்கு மீறிப் போகிறது போலும். "இப்போ தேவலையா கோமு?" என்று பாடிக் காட்டினாள். என் இடப்பக்கம், கட்டில் நுனியில் உட்கார்ந்து. தேவலை என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம்…" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 9, சனி

பெட்டி வந்துவிட்டது. பெட்டி என்றால் பச்சைச் சோப்பு டப்பா. கடையில் விற்கும் சாதாரண பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, பக்கத்தில் ஒரு திருகு வைத்திருக்கிறார். இவர் அதைப் பார்த்து, "ஜெர்மன் ராஜாவுக்குச் சாலைக் கடைத்தெரு மந்திரி" என்று சிரித்தார்.

போட்டேன். என்ன அமைதி! பின்னால் ஒன்றுமே இல்லை. தம்புராத் தந்தி அதிர்ந்து அடங்குவது வரைக்கும் கேட்கிறது. அக்கா மூச்சை இழுப்பது கேட்கிறது. பத்து வருஷத்துக்கு முந்திய கச்சேரி, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் அவள் மேல் ஸட்ஜத்துக்குப் போனாள். இரண்டு குரல்.

பத்து வருஷத்துக்கு முன்னாலுமா? அப்போது சரியாக இருந்ததே. எல்லோரும் சொன்னார்களே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுப் பார்த்தேன். வலது பக்கம் சரி. இடது பக்கத்தில்தான் ஸ்வரம் இறங்குகிறது, கொஞ்சம் கரகரப்பும். டப்பாவில் இடது பக்கம் கோளாறு. அவ்வளவுதான். எழுநூற்றைம்பது ரூபாய்க்கு வேறென்ன கிடைக்கும்?

ஆகஸ்ட் 13, புதன்

ஆபீஸ் முடிந்து நேராக ஷிபு கடைக்குப் போனேன். அவரிடம் சத்தம் போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "மாமி, ஆம்ப் சத்தத்தக் கூட்டும், கொறைக்கும், எரைச்சல் வரும், ஒரு பக்கம் செத்தும் போவும். ஸ்ருதிய மாத்தாது. அதுக்கு அந்த வித்த தெரியாது."

பிறகு கையால் காட்டினார். "ஹெட்ஃபோனத் திருப்பிப் போட்டுப் பாருங்க. இடத்தத் தூக்கி வலத்துல. கொறை டப்பாலன்னா அதுவும் கூட வலத்துக்கு வரும்."

திருப்பிப் போட்டேன்.

வரவில்லை. குறை இருந்த இடத்திலேயே இருந்தது. என் இடது காதில்.

மறுபடி திருப்பினேன். மறுபடி. ஷிபு வேறு ஏதோ ரேடியோவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன். ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும் நினைவில்லை.

ஆகஸ்ட் 14

அழுக்காக இருக்கும். காதுக் குரும்பிதான். எண்ணெய் விட்டேன்.

ஆகஸ்ட் 15

இன்னும் அப்படியே.

ஆகஸ்ட் 16

ஈசுவரா, அழுக்காகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். இவரிடம் பல்வலி என்று சொன்னேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்காத சத்தத்துக்கெல்லாம் கேட்டதாக அமுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நாற்பத்தெட்டு வயதில் பரீட்சையில் காப்பி அடிக்கும் புத்தி.

அழுக்கு இல்லை. நரம்பு. இடது காதில் பாதிக்குமேல் போய்விட்டது, வலது பரவாயில்லை. ஒரே ஸ்வரத்தை இரண்டு காதும் இரண்டு விதமாகக் கேட்பது இதில் உண்டாம். என்ன வேலை என்று கேட்டார். பிடில் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இடது தோளில் வைத்து வாசிப்பவர்களுக்கு அந்தக் காதுதான் முதலில் அடிபடுமாம். திரும்ப வருமா என்றேன். இனி போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

என் பிடிலே என் காதைத் தின்றிருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் தோளோடு சாய்த்துக் கொண்டாடினேனே.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வலது காதால் மட்டும், மாசி முதல் ஜூன் வரையிலான கேசட்டை எல்லாம் கேட்டேன். நாலு கச்சேரி.

அக்கா எங்கேயும் நழுவவில்லை. ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை. மேல் ஸட்ஜத்தில் ஆணி அடித்தமாதிரி நிற்கிறாள்.

மேடையில் அக்கா எனக்கு இடப்பக்கம். சுருதிப்பெட்டி எனக்கு வலப்பக்கம். அவள் குரலைக் கெட்ட காதாலும் சுருதியை நல்ல காதாலும் கேட்டு, இரண்டும் சேரவில்லை என்று அவள் தலையில் போட்டிருக்கிறேன். ஜூன் கச்சேரியில் மிருதங்கக்காரர் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஐயோ, அக்காவைப் பார்க்கிறாரே, இவருக்கும் தெரிந்துவிட்டதே என்று அன்றைக்கு நடுங்கினேன். அந்த இடத்தை இன்று கேட்டேன். இறங்கியிருப்பது பிடில். அவர் என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன ஆகும்? காது போன பிடில்காரியை யார் கூப்பிடுவார்கள்? ஆபீஸில் நான் ஒரு குமாஸ்தா, ஆயிரத்தில் ஒருத்தி. பிடிலை எடுத்தால்தான் நான் கோமதி. அதுவும் போனால் நான் யார்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அக்கா ஒரு கவரோடு வந்தாள். கமிட்டி செயலர் வெங்கடகிருஷ்ணனுக்குக் கடிதம். படித்துக் காட்டினாள். தொண்டை ஒத்துழைக்கவில்லை, இந்த வருஷம் ஐந்தாம் நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இத்தனை வருஷம் இடம் கொடுத்ததற்கு நமஸ்காரம். "நீயும் சொல்ல முடியாமத் தவிக்கறே. பார்த்துண்டுதான் இருக்கேன். நாலு பேர் சொல்றதுக்கு முன்னாடி நாமே எறங்கிடறதுதான் மரியாதை. எழுத்தெல்லாம் சரியா இருக்கா?"

இருக்கு என்றேன்.

"ஆபீஸ் போற வழியில தபால்ல போட்டுடு."

போட்டேன். நானே என் கையால் போட்டேன். தபால்பெட்டி வாயில் கவரை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பின்னால் ஒருவர் "சேச்சி, ஒந்நு மாறாமோ" என்று நகரச் சொன்னார். விரலை விட்டுவிட்டேன்.

அவள் இறங்கினால் நானும் கௌரவமாக இறங்கிவிடலாம். அக்கா பாடவில்லை, அதனால் நானும் வாசிப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த நினைப்பு எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வந்ததில்லை. பத்தொன்பதாம் தேதியே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 23

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கமிட்டியிலிருந்து அக்காவுக்குப் பதில். வருத்தம், நமஸ்காரம், ஐந்தாம் நாளைப் பாலக்காட்டுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அக்கா அதை மடித்து ஸ்வாமி அலமாரியில் வைத்தாள். இன்று அவள் வீட்டில் காலையில் சாதகம் கேட்கவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். வலது காதைத் திருப்பி வைத்துக் கேட்டேன். இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சோப்பு டப்பாவையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்கச் சொல்லி அவள் தலையில் மாட்டினேன். ஜூன் கச்சேரி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முகத்தில் முதலில் பயம், பிறகு குழப்பம். "நன்னாத்தானே நிக்கறது? எனக்கு அன்னிக்கும் அப்படித்தான் கேட்டுது. எங்கே கொறையறது கோமு?"

"உன் தொண்டையில ஒண்ணும் கொறையலை அக்கா. என் காதுலதான்."

டாக்டர் கொடுத்த தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "ஐயோ, நோக்கா?" என்று என் இடது காதைத் தொட்டாள். அத்தோடு விட்டிருந்தால் அழுது தீர்த்துவிட்டு எழுந்திருப்பேன். அவள் தாளில் தேதியைப் பார்த்துவிட்டாள்.

"பதினெட்டாம் தேதி. கடிதம் போட்டது எப்போ?"

"இருபத்திரெண்டு."

"தெரிஞ்சுண்டா போட்டே?"

நான் டாக்டர் தாளை வாங்கி மடித்தேன். அவள் அரிசியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைச் சாத்தும் சத்தம்கூட மெல்லத்தான் கேட்டது.

இரவு இவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் "பல்வலின்னு சொன்னியே" என்றார். வேடிக்கை பேசவில்லை.

செப்டம்பர் 8, திருவோணம்

அக்கா வரவில்லை. பாயசம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

செப்டம்பர் 17

இவர் போய்ப் பேசிப் பார்த்தார். "அவளுக்குக் காது போனது தலையெழுத்து. அதுக்கு நான் அழறேன். கடிதத்தைப் போட்டது தலையெழுத்தில்லையே" என்றாளாம். அவள் சொல்வது சரி.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஐந்தாம் நாள். போவதில்லை என்று இருந்தேன். சாயங்காலம் அக்கா வாசலில் நின்று, "கிளம்பு. ரெண்டு பேரும் போகலேன்னா ஊர் வேற கதை கட்டும்" என்றாள். இருபத்தாறு நாள் கழித்து முதல் பேச்சு.

முன்வரிசையில் உட்கார்ந்தோம். நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன், வலது காது அவள் பக்கம் வரும்படி. கச்சேரி ஆரம்பிக்கும் முன்னே சரஸ்வதியம்மாள் வந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தால் கிழக்கேகோட்டை வரைக்கும் தெரிந்தமாதிரி. "என்னடி விஜயலக்ஷ்மி, நீ பாடலைன்னு கேட்டதும் எனக்கு மனசே ஆறலை. தொண்டை முழுக்கப் போயிடுத்தாமே? மேலே நிக்க மாட்டேங்கறதாமே?"

எங்கிருந்து கேட்டாளோ. பின்வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா சிரித்தாள். "ஆமாம் மாமி. வயசாறதோல்லியோ. போயிடுத்து."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்மேல் அவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், போகாத குரலைப் போயிற்று என்று சொல்கிறாள். நான் இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நிஜமாகிவிடும். அடுத்த வருஷமும் கூப்பிட மாட்டார்கள், அதற்கடுத்த வருஷமும்.

"இல்லை மாமி," என்றேன். "அக்கா தொண்டைக்கு ஒண்ணுமே இல்லை. எனக்குத்தான் இடது காது போயிடுத்து. நான் தப்பாக் கேட்டு, தப்பாச் சொல்லி, அவளைப் பாட விடாமப் பண்ணிட்டேன். தெரிஞ்சப்புறமும் சொல்லலை."

வேண்டியதைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த பிடில்காரர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சரஸ்வதியம்மாள் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். கச்சேரியில் என்ன பாடினார்கள் என்று கேட்டால் தெரியாது. அக்கா தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

அக்டோபர் 3

யாரிடமிருந்தும் போன் இல்லை. டிசம்பரில் இரண்டு கச்சேரிக்கு என்னைக் கேட்டிருந்தவர்கள், வேறு ஏற்பாடு செய்துகொண்டதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நினைத்ததுதான். நினைத்ததுதான் என்று எழுதுவதால் வலி குறையவில்லை.

அக்டோபர் 7

நான் அக்கா வீட்டில் இருந்தபோது வெங்கடகிருஷ்ணனே அங்கே வந்தார். மண்டல பூஜைக்கு ஒரு கச்சேரி, மறுக்கக் கூடாது என்று. அக்கா சரி என்றாள். பிடில் யார் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். "மாளவிகான்னு ஒரு பொண்ணு இருக்கா, சுத்தமான காது" என்று நான்தான் சொன்னேன். நம்பரும் கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாளைக்கு அந்தப் பெண்ணோடு முதல் ஒத்திகை. விஜயலக்ஷ்மி மாமிக்கு வாசிக்க பயமாக இருக்கிறது என்று போனில் சொன்னாள். அதனால் காலையில் உட்கார்ந்து அவளுக்காக எழுதினேன். எந்த ராகத்தில் அக்கா எங்கே மூச்சு வாங்குவாள், நிரவலில் எந்தச் சொல்லில் திடீரென்று நின்று பிடிலுக்கு விடுவாள், எதிர்பாராமல் எங்கே வேகம் கூட்டுவாள், எந்த இடத்தில் அவளை முந்தவே கூடாது, பாட்டு மறந்தால் எப்படி இருமுவாள், அப்போது எந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுக்க வேண்டும். நிறுத்தாமல் எழுதியதில் நாலு பக்கம் ஆகிவிட்டது.

அக்கா காப்பி குடிக்க வந்தவள் அதை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். பிறகு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவும் நான் பண்றேனா கோமு?" என்றாள்.